பிரசவ வார்டில் ஒரு மரணத்துக்குப் பிறகு, அடுத்த கேஸுக்கு எப்படிப் போகிறீர்கள்?

மழைக்குருவி (இழையைத் தொடங்கியவர்), இரவு 2:40

மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி, ஓஜி (மகப்பேறு மருத்துவம்) இரண்டாம் ஆண்டு பிஜி (முதுகலை மாணவி). இதற்கு மேல் அடையாளம் வேண்டாம். அந்தப் பெண்ணைப் பற்றிய விவரங்களிலும் சிலவற்றை மாற்றியே எழுதுகிறேன்.

பதினாறு நாளுக்கு முன் எங்கள் யூனிட் அட்மிஷன் டே. காலை எட்டு மணிக்கு டூட்டி ஏறினேன். இரவு ஒன்றரைக்கு அவரை 108-ல் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். வளைகாப்பு வளையல் இரண்டு கையிலும் இருந்தது. ஐவி லைன் போட இடமில்லை. கழற்றச் சொன்னேன். "பிரசவம் முடியறவரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க டாக்டர்" என்றார். கொஞ்சம் பேசிச் சம்மதிக்க வைத்து, சோப்பு நுரை தடவி நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு உடைந்துவிட்டன. மீதியைச் சிடிஜி (குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும்) தாளில் சுற்றி என் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "காலையில் நானே போட்டுவிடுகிறேன்" என்று சொன்னேன்.

குழந்தை 4:10-க்குப் பிறந்தது. பெண். நன்றாக அழுதது. அதற்கப்புறம் கருப்பை சுருங்கவே இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். ஊசிகள், பலூன், ரத்தம், தியேட்டர். சீஃப் வீட்டிலிருந்து கிளம்பி வந்து கருப்பையை எடுத்தார். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டு மணிக்கு அடுத்த சிசேரியனில் நான் அசிஸ்ட் பண்ண நின்றேன். கை கழுவும்போது முழங்கைக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. தியேட்டருக்குள் போகும்வரை கருப்பையை அழுத்திப் பிடித்திருந்த கை அது. என் செருப்பை யாரோ குழாயடியில் கழுவி வைத்திருந்தார்கள். மதியம்வரை என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி: "கேஸ் ஷீட் முடிச்சாச்சா?"

இப்போது தூக்கம் இல்லை. படுத்தால் அந்தத் தரை கண்ணுக்குள் வருகிறது. நேற்று ஒரு பெண் வலியில் கத்தியபோது, "இப்படிக் கத்தினா வெளியே போ" என்று அதட்டினேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அந்தக் குரலை முதலாம் ஆண்டில் வேறொருவர் வாயிலிருந்து கேட்டு, நான் இப்படி ஆகமாட்டேன் என்று நினைத்திருக்கிறேன்.

வளையல் இன்னும் ஹாஸ்டல் மேஜை டிராயரில் இருக்கிறது. அடுத்த வாரம் இந்த மரணத்துக்கான ஆடிட் (ஆய்வுக் கூட்டம்). நீங்கள் எல்லாரும் இதை எப்படித் தாண்டி வருகிறீர்கள்? நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

கடைசிவருடம், காலை 6:05

பழகிடும் டாக்டர். எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். அப்புறம், ஆடிட் முடிகிறவரை எழுத்தில் எதுவும் வைக்காதீர்கள். முடிந்தால் இந்தப் பதிவையே எடுத்துவிடுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

---

மயக்கவியல்காரர், காலை 7:20

பதிவை எடுக்க வேண்டாம் அம்மா. ஊர், பெயர், மருத்துவமனை எதுவும் இதில் இல்லை. விவரத்தையும் மாற்றியிருக்கிறீர்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அனஸ்தீசியாவில் இருக்கிறேன். அந்தப் "பழகிடும்" பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிஜியாக இருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவனை இழந்தோம். சின்ன ஆபரேஷன்தான். என் புரொஃபசர் தோளில் தட்டி, "பழகிடும்ப்பா, அடுத்த கேஸை உள்ளே எடு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். நானும் அடுத்த கேஸை எடுத்தேன். அந்தப் பையனின் ஐபி (உள்நோயாளி) நம்பர் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். என் சொந்த வண்டி நம்பரைச் சில நேரம் மறந்துவிடுகிறேன், அதை மறந்ததில்லை. எனக்கு எதுவும் பழகவில்லை. வெளியே தெரியாமல் நடந்துகொள்ளக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அப்படிக் கற்றுக்கொண்ட பிறகு வீட்டிலும் எதுவும் வெளியே தெரியாமல் போயிற்று. என் மகளிடம் கேட்டால் சொல்வாள்.

பதினைந்து வருடம் கழித்து, அதே வார்த்தையை நான் ஒரு ஜூனியரிடம் சொன்னேன். ஐசியுவில் ஒரு மரணம். அந்தப் பெண் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோளில் தட்டி, "பழகிடும்மா" என்றேன். நான்கு மாதத்தில் சீட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். படிப்பைப் பாதியில் விட்டால் கட்ட வேண்டிய பாண்ட் தொகைக்காக அவர் அப்பா நிலத்தை விற்றார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கான்டீனுக்கு அழைத்துப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அரைமணி நேரத்தை நான் கொடுக்கவில்லை.

உங்கள் யூனிட்டில் இப்போதைக்கு யாராவது அப்படிக் கேட்டார்களா? ஏபி (உதவிப் பேராசிரியர்) யாராவது?

---

மனநலம்_தெற்கு, காலை 9:45

நான் சைக்கியாட்ரிஸ்ட். முதலில் ஒரு கேள்வி, நேராகவே கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இந்தப் பதினாறு நாளில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா? பதிலை இங்கேயும் எழுதலாம், எனக்குத் தனிச்செய்தியிலும் அனுப்பலாம். இதைக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அப்படி நடப்பதில்லை. கேட்டால் சுமை குறையும்.

இரண்டாவது, உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரையில் இதைச் சொன்னார். சிகிச்சையில் ஒரு பெரிய அசம்பாவிதம் நடந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. அதற்கடுத்து அங்கே நின்ற மருத்துவரும் பாதிக்கப்படுகிறார், அவரைக் கவனிக்க யாரும் இல்லை என்பதுதான் சாரம். அந்த மருத்துவரை 'செகண்ட் விக்டிம்', அதாவது இரண்டாவதாகப் பாதிக்கப்பட்டவர், என்று அவர் அழைத்தார். தூக்கம் கெடுவது, அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருவது, அந்த இடத்தைத் தவிர்க்கத் தோன்றுவது, சட்டென்று எரிந்து விழுவது: முதல் ஒரு மாதத்துக்குள் இவை பலருக்கும் வரும். பெரும்பாலும் தணியும். ஒரு மாதத்தைத் தாண்டியும் இதே வேகத்தில் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். நீங்கள் பதினாறாம் நாளில் கேட்கிறீர்கள். சரியான நேரம் இது.

நேற்று அதட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் அதிகம் கவனித்தேன். கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-ல் பர்ன்அவுட்டை (வேலையால் வரும் சோர்வை) அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அதில் மூன்று பகுதி. மனம் வறண்டுபோவது ஒன்று. நாம் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது ஒன்று. நடுவில் இன்னொன்று இருக்கிறது: எதிரில் இருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. "ஒன்பதாம் பெட்", "அந்த பிபிஹெச்" (பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு) என்றே பேச ஆரம்பிப்போம். அதட்டுவதும் அங்கிருந்துதான் வரும். குணம் கெட்டுவிட்டது என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். காய்ச்சலை எப்படிப் பார்ப்பீர்களோ அப்படிப் பாருங்கள்.

மூன்றாவது, நீங்களே மாத்திரை எழுதிக்கொள்ளாதீர்கள். மெடிக்கல் ரெப் கொடுத்த சாம்பிளில் தூக்க மாத்திரை எடுத்து அதிலேயே சிக்கிக்கொண்ட டாக்டர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சொந்தக் கல்லூரி ஓபியில் காட்டினால் சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயமாக இருக்கும். நியாயமான பயம்தான். பக்கத்து ஊரில் காட்டுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உங்கள் உரிமையாகவே சொல்கிறது. டிப்ரஷனுக்குச் சிகிச்சை எடுத்தார் என்பதற்காக யாருடைய மருத்துவக் கவுன்சில் பதிவும் போய்விடாது. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டும் என்றால் அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. தமிழிலேயே பேசலாம். 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்காக 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றம் தொடங்கினார்கள். உங்கள் கல்லூரியில் அதன் பொறுப்பாசிரியர் யார் என்று விசாரியுங்கள்.

---

மழைக்குருவி, மதியம் 1:15

கேட்டதற்கு நன்றி டாக்டர். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் இரண்டு நாள், "காலையில் எழுந்திருக்காமலே போனால் நன்றாக இருக்கும்" என்று தோன்றியது. இதை இப்போதுதான் முதன்முதலாக எழுத்தில் பார்க்கிறேன். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மயக்கவியல் சார், யாரும் கேட்கவில்லை.

---

தங்கையின்_அண்ணன், மாலை 4:30

நான் டாக்டர் இல்லை. தேடுபொறியில் வேறொன்று தேடி இங்கே வந்தேன். படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் என் தங்கை பிரசவத்தில் இறந்துபோனாள். வேறு ஊர், வேறு மருத்துவமனை. ராத்திரி முழுக்க வராண்டாவில் நின்றோம். கதவு திறக்கும், ரத்தப் பை வாங்கிவரச் சொல்வார்கள், மூடும். என்ன நடக்கிறது என்று ஒருவர்கூட சொல்லவில்லை. விடிந்ததும் ஒரு இளம் டாக்டர் வெளியே வந்து, கீழே பார்த்துக்கொண்டே, "கொலாப்ஸ் ஆயிட்டாங்க, எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம், இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்றார். எங்கள் அம்மாவுக்கு கொலாப்ஸ் என்றால் என்ன என்று தெரியாது. "எப்போ சரியாகும்" என்று அவரையே கேட்டார். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

உங்களுக்கு வலிப்பது புரிகிறது. ஆனால் நோயாளிக்கு அடுத்தபடியாகப் பாதிக்கப்பட்டவர் டாக்டர் என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் அம்மா எத்தனையாவது? அந்தக் குழந்தை எத்தனையாவது? உங்களுக்காவது பேச இந்த இடம் இருக்கிறது.

---

மனநலம்_தெற்கு, மாலை 5:10

நீங்கள் கேட்பது சரி. 2019-ல் வெளிநாட்டில் நோயாளிகளின் குடும்பங்களே அந்தச் சொல்லை விடச் சொல்லிக் கேட்டார்கள். அது எங்கள் பொறுப்பை மறைத்துவிடுகிறது என்பதுதான் அவர்கள் வருத்தம். இனி நானும் பயன்படுத்தமாட்டேன். உங்கள் தங்கைக்காக வருந்துகிறேன்.

---

மழைக்குருவி, மாலை 6:50

அண்ணா, உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அந்தப் பெண்ணின் கணவரிடமும் அம்மாவிடமும் சொல்லப் போனது நான்தான். சீஃப் தியேட்டரில் இருந்தார், ஏபி ரத்த வங்கிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார், என்னை அனுப்பினார்கள். நானும் கீழே பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். கையெழுத்தும் கேட்டேன். உங்கள் அம்மா கேட்ட மாதிரி அவர் எதுவும் கேட்கவில்லை. "குழந்தை சாப்பிட்டுச்சா" என்று மட்டும் கேட்டார். நானும் பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

ஒரு மரணத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தந்ததில்லை. 2019-ல் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் மாறியபோது நோயாளியிடம் பேசும் முறைக்கென்று தனிப் பாடம் வந்தது. நான் அதற்கு முந்தைய பேட்ச். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த இளம் டாக்டர் உள்ளே போய் என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். அதனால் உங்கள் அம்மாவுக்கு எதுவும் ஆறிவிடாது, அதுவும் தெரியும்.

---

தங்கையின்_அண்ணன், இரவு 7:30

சரி. நேர்மையாகச் சொன்னீர்கள். அந்த வளையலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு என் தங்கையின் ஒரு செருப்பு மட்டும்தான் திரும்பக் கிடைத்தது. அம்மா அதை இன்னும் வைத்திருக்கிறார்.

---

சிஸ்டர்_நைட்டூட்டி, இரவு 9:15

மேடம், லேபர் வார்டில் பதினோரு வருடம் ஸ்டாஃப் நர்ஸ். உங்கள் செருப்பைக் கழுவி வைத்தது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் வார்டில் அதை ஆயாம்மாதான் செய்வார். யாரும் சொல்லிச் செய்வதில்லை. அவரும் அழுதுவிட்டுத்தான் கழுவுவார்.

தாலி, மெட்டி, கம்மல் எல்லாம் நாங்கள் கழற்றி, எண்ணி, ரிஜிஸ்டரில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். கண்ணாடி வளையல் பெரும்பாலும் அந்த ரிஜிஸ்டரில் வராது. விலையில்லாத பொருள் என்று விட்டுவிடுவார்கள். அந்த அண்ணன் சொன்னதுதான் சரி, கொண்டுபோய்க் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒரு சிஸ்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

---

முப்பத்தாறுமணி, இரவு 11:00

டாக்டர் சங்கத்தில் சில வருடம் வேலை செய்தவன். இந்த இழையில் எல்லாரும் மனதைப் பற்றிப் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். நான் மணிக்கணக்கைப் பேசுகிறேன்.

காலை எட்டுக்கு ஏறியவர் மறுநாள் காலை எட்டுக்கு அடுத்த ஆபரேஷனில் நிற்கிறார். அதற்கப்புறம் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ், கேஸ் ஷீட். இறங்கும்போது இரவாகிவிடும், முப்பத்தாறு மணி நேரம் தாண்டியிருக்கும். 1992 ஜூனிலேயே மத்திய அரசு, பயிற்சி டாக்டர்களுக்கான ரெசிடென்சி திட்டத்தில் எழுதி வைத்துவிட்டது: ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு. இந்த நாட்டில் எந்த ஓஜி பிஜி வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்திருக்கிறார்? 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டுவந்தபோது எண் எதையும் குறிப்பிடாமல் "நியாயமான வேலை நேரம்" என்று எழுதியது. எது நியாயம் என்பதை யூனிட் சீஃப் முடிவு செய்வார். அதே ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை கொடுத்தது. 5,337 பிஜிக்கள் பதில் சொன்னார்கள், அதில் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை மட்டும்தான்.

அமெரிக்காவில் 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி ஸயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் இறந்தார். பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி மருத்துவர்கள், நீண்ட நேரப் பணியில் இருந்தவர்கள். அவர் அப்பா ஒரு பத்திரிகையாளர், விடவில்லை. அதில் பிறந்ததுதான் வாரம் 80 மணி நேர வரம்பு. நியூயார்க்கில் 1989-லேயே வந்தது, நாடு முழுக்க 2003-ல். அங்கே நோயாளியின் அப்பா போராடித்தான் டாக்டருக்குத் தூக்கம் கிடைத்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கவுன்சலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்கவிடாமல் வைத்துக்கொண்டு கவுன்சலிங் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

---

மயக்கவியல்காரர், மறுநாள் காலை 6:40

முப்பத்தாறுமணி சொன்னது அத்தனையும் உண்மை. இன்னொன்றும் இருக்கிறது, பிரசவ வார்டுக்கே உரியது.

பிரசவ நேரத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. கருப்பை சுருங்காவிட்டால் பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைத் தெரிந்தே ஒவ்வொரு ராத்திரியும் அங்கே நிற்கிறார்கள். 2018-20 கணக்கெடுப்பின்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தால் தமிழ்நாட்டில் 54. நமக்கு அதில் பெருமைதான், பெருமைப்படவும் வேண்டும். அந்த எண்ணைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது லேபர் வார்டு பிஜிக்கள், சிஸ்டர்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கள், 108 ஊழியர்கள். ஆனால் எண் இறங்க இறங்க, மிச்சம் நடக்கும் ஒவ்வொரு மரணமும் யாரோ ஒருவர் எண்ணைக் கெடுத்துவிட்டார் என்கிற மாதிரி ஆகிவிட்டது. பேறுகால மரண ஆய்வு யாரையும் குற்றவாளியாக்குவதற்கு இல்லை என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. எங்கே தாமதம் என்று கண்டுபிடிக்கத்தான் அது. வீட்டில் கிளம்பத் தாமதமா, வழியில் தாமதமா, வந்து சேர்ந்த பிறகா? அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டாம் ஆண்டு பிஜிக்கு மட்டும், அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது போல இருக்கும்.

2022 மார்ச்சில் ராஜஸ்தானில் தௌசா மாவட்டத்தில் இதே பிபிஹெச் மரணத்துக்காக ஒரு டாக்டர் மீது கொலை வழக்குப் பதிந்தார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. அந்த வாரம் எங்கள் தியேட்டரில் ஓஜிக்காரர்கள் யாரும் சத்தமாகப் பேசியதாக நினைவில்லை.

ஆடிட்டுக்குப் போகும்போது நேரக்குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. எத்தனை மணிக்கு எது கொடுத்தோம், எத்தனை மணிக்கு யாரை அழைத்தோம். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டி வந்தால் சொல்லுங்கள். முந்தின ராத்திரி டூட்டி இருந்தால் மாற்றிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

---

வீட்டுக்காரி, காலை 10:20

கணவர் சர்ஜன். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் சில நாள் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஜன்னலிலிருந்து பார்ப்பேன். உள்ளே வந்ததும் "சாப்பாடு என்ன" என்பார். ஆரம்பத்தில் என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டுச் சண்டை வந்தது. இப்போது கேட்பதில்லை. இந்த இழையைப் படித்த பிறகு, கேட்காமல் விட்டது சரிதானா என்று தெரியவில்லை. இன்றைக்குக் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கலாம் என்றிருக்கிறேன்.

---

தேம்ஸ்கரை, மாலை 3:55

மதுரையில் படித்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் ரெஜிஸ்ட்ரார் (மேல்நிலைப் பயிற்சி டாக்டர்). இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நேற்று கேஷுவாலிட்டியில் நோயாளிகள் ஸ்ட்ரெச்சரிலேயே பத்து மணி நேரம் கிடந்தார்கள். ஆனால் இரண்டு வழக்கங்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு மரணம் நடந்தால் அந்த இடத்திலேயே, கை கழுவியதும், டீம் முழுக்கப் பத்து நிமிடம் நிற்போம். டிபிரீஃப் என்று பெயர். கன்சல்டன்ட் முதல் போர்ட்டர் வரை. என்ன நடந்தது, யாருக்கு என்ன தேவை, இப்போது யார் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல்முறை என்னைப் பார்த்து "நீ வீட்டுக்குப் போ" என்றபோது தண்டனை என்றே நினைத்தேன்.

இன்னொன்று, மாதம் ஒருமுறை நடக்கும் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட். பாஸ்டனில் 1995-ல் நாற்பது வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்த கென் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞரின் நினைவாக வந்தது. அதில் கேஸைப் பற்றிப் பேசமாட்டார்கள். அந்தக் கேஸ் உனக்குள் என்ன செய்தது என்று மட்டும் பேசுவார்கள். முதல் தடவை எங்கள் கன்சல்டன்ட் ஒருவர் எல்லார் முன்னாலும் அழுதார். மதுரையில் நான் பார்த்த எந்த சீஃபும் அழுததில்லை. அவர்களுக்கும் அழ இடம் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

டிபிரீஃபுக்குக் காசு வேண்டாம், ஆர்டர் வேண்டாம். பத்து நிமிடம் போதும். நம் ஊரில் அந்தப் பத்து நிமிடத்துக்குள் வெளியே வலியோடு மூன்று பேர் நிற்பார்கள், அதுவும் தெரியும்.

---

கடைசிவருடம், இரவு 10:35

முதலில் "பழகிடும்" என்று எழுதியவன் நான்தான். இரண்டு நாளாக இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பழகவில்லை. முதலாம் ஆண்டில் நடந்த ஒன்றை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. வேறொரு நாள் எழுதுகிறேன். மன்னிக்கவும் டாக்டர்.

---

மழைக்குருவி, பன்னிரண்டு நாள் கழித்து, இரவு 9:20

எல்லாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பக்கத்து ஊரில் ஒருவரிடம் காட்டினேன். மனநலம்_தெற்கு டாக்டர்தான் சொல்லி அனுப்பினார். இரண்டு முறை போயாயிற்று. இப்போது நான்கு மணி நேரம் தூங்குகிறேன். தரை இன்னும் வருகிறது, தினமும் இல்லை.

ஆடிட் முடிந்தது. நேரக்குறிப்போடு போனேன். ரத்தம் வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருக்கிறது என்பது பேசப்பட்டது. ராத்திரியில் ரத்த வங்கிக்கும் லேபர் வார்டுக்கும் நடுவே ஓட ஒரே ஒரு ஆள்தான் என்பதும். என்னை யாரும் திட்டவில்லை. வெளியே வந்ததும் ஏபி அக்கா, "வா, டீ குடிக்கலாம்" என்றார். மயக்கவியல் சார் எழுதியதை அவரும் படித்திருப்பாரோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. படிக்கவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னார். பெயர், ஊர், அன்றைக்குப் பெய்த மழை எல்லாம் ஞாபகம் வைத்திருந்தார். ஒரு வருடமாக அவர் கீழே வேலை பார்க்கிறேன், எனக்கு எதுவும் தெரியாது.

வளையலைக் கொடுத்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட வரும் நாளை விசாரித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் எடை பார்க்க அவர்களே ஓபிக்கு வந்தார்கள். ஒரு சிஸ்டரை உடன் அழைத்துக்கொண்டு போனேன். பாட்டி மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொல்லி, சிடிஜி தாளோடு அப்படியே கொடுத்தேன். அவர் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒன்பது இருக்கு. பதினொன்னு போட்டு அனுப்பினோம்" என்றார்.

"ஊசி போடறதுக்காகக் கழட்டும்போது ரெண்டு உடைஞ்சிடுச்சும்மா, நான்தான் கழட்டினேன்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ரொம்ப வலிச்சுதா அவளுக்கு" என்று கேட்டார். கடைசி ஒரு மணி நேரம் மயக்க மருந்தில் இருந்தார், வலி தெரிந்திருக்காது என்றேன். அதற்கு முன்னால் வலித்தது என்பதையும் சொன்னேன். குழந்தை அழுத சத்தத்தை அவர் கேட்டார், "பொண்ணா" என்று கேட்டார், என்பதையும் சொன்னேன். அதை அன்று காலையே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அண்ணனுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

---

தங்கையின்_அண்ணன், இரவு 10:05

படித்தேன் அம்மா. எங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

---

புதியவர்_27, இரவு 1:50

ஹவுஸ் சர்ஜன். கணக்கு தொடங்கி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. இன்று எங்கள் கேஷுவாலிட்டியில் ஒரு சின்னக் குழந்தை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. யாராவது விழித்திருக்கிறீர்களா?

---

மழைக்குருவி, இரவு 1:53

இருக்கிறேன். லேபர் வார்டில்தான், இப்போது கொஞ்சம் ஓய்வு. முதலிலிருந்து சொல்லுங்கள்.